தூங்கவிட்ட வழி

வில்லாபுரத்தில் அந்தச் சாக்கடை மூடியைத் திறந்ததுமே மேனேஜர் அழகுபாண்டி அத்தர் தெளித்த கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கு. வேணுமாம்மா?"

தமிழ்வாணி வாங்கவில்லை. குழிக்குள் கறுத்துக் கொழகொழத்த தண்ணீர். அதற்குச் சற்று மேலே கரப்பான் மொய்த்த ஒரு பெட்டி தொங்கியது. அவர்கள் கம்பெனியின் ஒளிக்கேபிளை ஒட்டவைத்த இடம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

மதுரையிலிருந்து விருதுநகருக்குப் போகும் பேச்சையும் படத்தையும் எந்த வழியில் அனுப்புவது என்று முடிவுசெய்யும் புரோகிராமை எழுதியவள் அவள். வழி இரண்டு. வில்லாபுரம், திருமங்கலம் என்று நேராகப் போவது ஒன்று. உசிலம்பட்டி, எழுமலை என்று மேற்கே சுற்றிக்கொண்டு போவது இன்னொன்று. சுற்றுவழி நீளம். சோர்ந்துபோகும் ஒளியைத் தூக்கிவிட வழிநெடுக மெஷின்கள் வேண்டும், கரண்டு தின்னும். அதனால் உசிலம்பட்டிக்கு அப்பால் அந்த வழியைத் தூங்கவிட்டு, அத்தனையையும் நேர்வழியில் திணித்திருந்தது அவள் புரோகிராம். அப்படி மிச்சம்பிடித்த கரண்டுக்கு விருது கொடுக்கத்தான் இன்று மத்தியானம் வண்டியூர் ஆபீசுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

நேர்வழி சாக்கடைக்குள் போகிறது என்று வரைபடம் அவளிடம் சொன்னதில்லை. அதில் அழகாக ஒரு நீலக்கோடு இருக்கும். ரோட்டை வெட்டச் சோம்பிக் கேபிளைச் சாக்கடைக் குழாயில் நுழைத்துவிட்டவர் கான்ட்ராக்டர் சிவனாண்டி. இப்போது பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, காலையிலிருந்து ஒளி மங்கிக்கொண்டே வருகிறது.

"இறங்குய்யா சங்கிலி. பெட்டிய அவுத்து மேல குடுத்துட்டு ஏறிரு. அம்புட்டுத்தான்" என்றார் சிவனாண்டி.

வேலைக்குக் கூட்டிவந்திருந்த சங்கிலி, கடப்பாரையை ஊன்றியபடி அசையாமல் நின்றார்.

"அம்புட்டுத்தானா? அப்ப நீங்க இறங்குங்கண்ணே. நான் மேல நின்னு கைக்குட்டையப் பிடிச்சுக்கிறேன்."

"நக்கலு கூடிப்போச்சுல்ல?"

"நக்கல் என்னண்ணே நக்கலு. போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு இறங்கிரலாம். வாரது யாரு கையில இருக்கு? எங்கூட வேலை பாத்த வீரணனும் இப்பிடிச் சொல்லித்தான் இறங்குனான். கயித்தக் கட்டி இழுத்துப் போட்டோம். இன்னமும் மூச்சுவிட முடியாமக் கெடக்கான்."

"மாப்ள, இந்தாளு மசிய மாட்டாரு போல" என்று சிவனாண்டி அழகுபாண்டியைப் பார்த்தார்.

அழகுபாண்டி தமிழ்வாணியை ஜீப் பக்கமாகத் தள்ளிக் கூட்டிப்போனார். குரலில் தேன் சொட்டியது. "நீ சொன்னாக் கேப்பாரும்மா. உங்க ஆளுகதான? பக்குவமா எடுத்துச் சொல்லு."

வேலை தெரிந்தவள் என்றுதான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார் என நினைத்திருந்தாள். சாக்கடை நாற்றத்துக்குக் குமட்டாத வயிறு, அந்தத் தேனுக்குக் குமட்டியது.

"சுத்துவழிய எழுப்பிரலாம் சார். யாரும் இறங்க வேண்டாம்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? ஆபீஸ் சுவத்துல கரண்டு மீட்டரு ஓடுது. வந்தவுக முன்னாடி சர்ருன்னு ஏறுச்சுன்னா எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது? அவரு இறங்கித்தான் ஆகணும். முடியாதுன்னா சிவனாண்டி வேற ஆளக் கூட்டியாருவாரு. அதுவும் உங்க ஆளுகளாத்தான் இருக்கும்."

அவள் ஜீப்பில் ஏறி லேப்டாப்பைத் திறந்தாள்.

எழுப்புவது மட்டும் போதாது, இடம் வேண்டும். ஒளிக்கேபிளில் இடம் பிடிப்பது கல்யாணத்துக்குப் போகும் குடும்பம் பஸ்ஸில் இடம் பிடிப்பது மாதிரி. எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஏறின சீட்டிலேயே இறங்கும்வரை இருக்க வேண்டும். நடுவழியில் மாறி உட்காரக் கூடாது. எழுமலைப் பக்கம் பஸ் காலி. ஆனால் உசிலம்பட்டி வரைக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காலியிடம். நட்டநடுவில் நீளமாக ஒரே ஆள் படுத்திருந்தார்: விருதுக்காரர்களுக்காக அழகுபாண்டி பிடித்துவைத்த இடம். உசிலம்பட்டிக் கேபிள் ஸ்டேஷனில் மெஷின்கள் அணைந்து கிடப்பதை ஆபீஸ் சுவரில் நேரடியாகக் காட்டப்போகிறார். படம் நடுங்கிவிடக் கூடாதென்று அத்தனை அகலம். இருட்டு அறையைக் காட்ட அம்புட்டு இடம்!

குழியருகே சிவனாண்டி கயிற்றை எடுத்து சங்கிலியின் இடுப்பில் சுற்றப் பார்த்தார். சங்கிலி அவர் கையைத் தட்டிவிட்டார். வேறு யாருக்கோ சிவனாண்டி போன் போடத் தொடங்கினார்.

தமிழ்வாணி அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு இடத்தைக் காலிசெய்தாள். எழுமலை வழியை எழுப்பினாள். மெஷின்கள் ஒவ்வொன்றாய் விழித்தன. விருதுநகர் போகிற அத்தனையும் காலியான இடத்தில் ஏறி உட்கார்ந்தது. பிறகு, நேர்வழிக்கு எவ்வளவு கரண்டு என்று புரோகிராம் கேட்கும் கட்டத்தில், எந்தக் கணக்கும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க முடியாத ஒரு பெரிய எண்ணைப் போட்டாள். இனி புரோகிராம் தானாக நேர்வழிக்குத் திரும்பாது.

அழகுபாண்டியின் போன் அலறியது. கேட்கக் கேட்கக் கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்கியது.

"ஸ்கிரீன் கறுத்துப்போச்சாம். மீட்டரு எகிறுதாம். என்ன செஞ்ச நீ?"

"வழிய மாத்திட்டேன் சார். அந்தப் பெட்டியில இப்ப எதுவும் ஓடல. ரோட்ட வெட்டி வேற கேபிள் போடுங்க." குழிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "அண்ணே, மூடிருங்க!"

"நாளைக்கு ஆபீஸ் பக்கம் வந்துராத" என்று அழகுபாண்டி பல்லைக் கடித்தார்.

சங்கிலி கடப்பாரையால் நெம்பி மூடியைத் தள்ளினார். ணங்கென்று விழுந்தது. "அண்ணே, அந்தக் கைக்குட்டைய மடிச்சு வச்சுக்கங்க. இனி நாத்தம் இல்ல" என்றார் அழகுபாண்டியிடம்.

தமிழ்வாணி ஜீப்பிலிருந்து இறங்கினாள். சீட்டெல்லாம் அத்தர் வாடை. ரோட்டோரமாகப் போய்க் குனிந்து வாந்தியெடுத்தாள்.