ரியாத்துக்குப் போன மாங்கூழ்

லாரியின் முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் பழனிச்சாமி குனிந்தபோது, டிரைவர் குல் ஜமான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "யே க்யா ஹை பாய்?" என்று என்னிடம் கேட்டான். பூஜை என்றேன். நேற்று கம்பெனி வாசலில்தான் ஒரு பூஜை முடிந்ததே என்றான். நியாயமான கேள்வி. நேற்றைய பூஜையில் பழனிச்சாமி நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்து, செக்யூரிட்டி ஓடிவந்து அபராதம் போட்டு, பழனிச்சாமி அதையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். திருஷ்டி அதோடு கழிந்ததாம். கழிந்திருந்தால் இங்கே குவைஃபாத்தில், சவூதி எல்லைக்கு முன்னால், அமீரகத்தின் கடைசி பெட்ரோல் பங்கில், காலை வெயில் மண்டையைப் பிளக்கும்போது மறுபடி எதற்கு எலுமிச்சம்பழம்? இதைக் கேட்டால் மனிதர் கோபித்துக்கொள்வார். குல் ஜமான் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை நகர்த்தினான். பழம் நசுங்கியது. பழனிச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். கோட்டும் சூட்டும் போட்டிருந்தார். ஜூன் மாதத்தில், பாலைவனத்தில், கோட்டு.

எனக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். துபாய் தேராவில் உணவுப்பொருள் மொத்த வியாபாரம். பழனிச்சாமிக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலை. அவர் ஆலையில் அடைத்த டிரம்களை நான் இறக்கி, ரியாத்தில் ஒரு ஜூஸ் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரபு நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஒருவர் சரக்குக்கு மற்றவர் சுங்கவரி வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து எகிப்து மாங்கூழுக்கு ரியாத்தில் வரி கிடையாது. நம்முடையதற்கு ஐந்து சதவீதம். ஐந்து சதவீதம் பெரிதா என்று கேட்பவன் ஜூஸ் வியாபாரம் செய்யாதவன். கால் ரியால் மிச்சம் என்றால் பெற்ற தகப்பனையே மாற்றிக்கொள்ளக்கூடியவர்கள் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். எகிப்துக் கூழில் வாசனை ஒரு மண்ணும் இல்லை. அதனால் என்ன, எசென்ஸ் ஊற்றிக்கொண்டார்கள். குடிக்கிற பிள்ளைகளுக்கு மாம்பழம் என்றால் மஞ்சள் நிறம், அவ்வளவுதான். நானும் எகிப்துச் சரக்கு விற்க ஆரம்பித்தேன். கடை வாடகையை மல்கோவாவின் பெருமையைச் சொல்லிக் கட்ட முடியாது.

இந்தியாவும் வளைகுடாவும் ஒப்பந்தம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த கூட்டத்தில் பழனிச்சாமியும் ஒருவர். துபாயில் எந்த நட்சத்திர ஓட்டலில் ஏற்றுமதியாளர் கூட்டம் நடந்தாலும் டிக்கெட் எடுத்து வந்துவிடுவார். மேடையில் ஒரு அதிகாரி, "பேச்சுவார்த்தை நல்ல கட்டத்தில் இருக்கிறது" என்பார். போன வருஷமும் நல்ல கட்டம்தான். குளுகுளு அறையில் பாதாம் பருப்பு கொறித்துக்கொண்டு பேசினால் எந்தக் கட்டமும் நல்ல கட்டமாகத்தான் இருக்கும். அவர்கள் பேசுவது எண்ணெயும் முதலீடும். மாங்காய் எந்தப் பக்கத்தில் வருகிறது என்றுகூட அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. பிரியாணிக்காக நான் போவேன். பழனிச்சாமி முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் ரகுநாதன் அவரைப் பிடித்தான். லைசென்ஸ் கன்சல்டன்ட். சென்னைக்காரன். மணக்க மணக்க சென்ட் பூசி, வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போட்டு, எதிராளி யோசிப்பதற்குள் அடுத்த படத்தை லேப்டாப்பில் காட்டிவிடுவான். ஒப்பந்தத்துக்கு ஏன் காத்திருக்கிறீர்கள், இங்கேயே ஆலை போடுங்கள் என்றான். ஊரிலிருந்து வரும் கூழில் சர்க்கரையும் தண்ணீரும் கலந்து காய்ச்சி ஜூஸுக்கான சரக்காக்கினால் அது அமீரகத்துத் தயாரிப்பு. அமீரகத்துத் தயாரிப்புக்குச் சவூதியில் வரி இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊருக்குள் ஆலை போட்டால் உள்ளூர் அரபி ஒருவர் பெயரில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்கு எழுதவேண்டும். அங்கேதான் பழனிச்சாமிக்குச் சுருக்கென்றது.

"எங்கப்பா மண்வெட்டி புடிச்சி உண்டாக்கின பேரு பாய். அதுல பாதிக்கு மேல எவனோ ஒரு கஃபீலுக்கு எழுதிக் குடுக்கணுமா?" என்றார்.

"தேவையே இல்ல சார்," என்றான் ரகுநாதன். "ஃப்ரீ ஜோன் போயிடுங்க. ஹண்ட்ரட் பர்சென்ட் உங்க பேர்ல. கஸ்டம்ஸ் ட்யூட்டி ஜீரோ. பேர்லயே ஃப்ரீ இருக்கு பாருங்க."

பழனிச்சாமி குளிர்ந்துவிட்டார். ஃப்ரீ ஜோனில் ஆலை எழுந்தது, வாசலில் அவர் பெயரைப் பித்தளையில் பொறித்து மாட்டினார்கள். ஊரில் போஸ்டர் ஒட்டியதாகக் கேள்வி. நான் என்ன கண்டேன், நானும் ரகுநாதன் சொன்னது சரி என்றுதான் நினைத்தேன். ரியாத் மேனேஜர் என் பேச்சைக் கேட்பான் என்பதால் பழனிச்சாமி என்னை அவனோடு பேசச் சொன்னார், பேசினேன். ஒரு லாரி அனுப்பு, வரியில்லாமல் உள்ளே வந்தால் இந்த சீசன் முழுக்க உன் ஆளிடமே வாங்கிக்கொள்கிறேன் என்றான் அவன். இதோ, அந்த லாரிதான் நசுங்கிய எலுமிச்சம்பழத்தைத் தாண்டி எல்லைக்குப் போய்விட்டது.

நானும் பழனிச்சாமியும் கூட வந்திருந்த ரகுநாதனும் பங்கை ஒட்டிய மலபாரி கஃபட்டீரியாவில் உட்கார்ந்தோம். பழனிச்சாமி டீயைத் தொடவில்லை. ரகுநாதன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே அடுத்து குவைத்துக்கும் அனுப்பலாம் என்று திட்டம் போட்டான். ஊரிலிருந்து பழனிச்சாமியின் மனைவி கனகா கூப்பிட்டார். ஆலையைப் பார்த்துக்கொள்வது அந்த அம்மாதான். பழனிச்சாமிக்குச் செல்லைக் காதில் வைத்துப் பேசும் பழக்கமே இல்லை. ஸ்பீக்கரில் போட்டு, ஊருக்கே கேட்கப் பேசுவார்.

"என்னங்க, வண்டி தாண்டிடுச்சிங்களா? தோப்புக்காரங்க எல்லாரும் இங்கயே நிக்கறாங்க. பெங்களூர் வியாபாரிங்க லாரியோட வந்துட்டாங்க. நம்ம ஆலைக்கி எடுக்கறதுன்னா சொல்லுங்க, இல்லன்னா இவங்களுக்கே போட்டுடறோம்ங்கறாங்க."

"ஒரு மணி நேரம் நிக்கச் சொல்லு. நான் சொல்றேன்," என்றார் பழனிச்சாமி.

போனை வைத்ததும் என்னைப் பார்த்து விளக்கினார். இந்த வருஷம் காய்ப்பு அதிகம். லாரி தாண்டினால் வட்டாரத்துக் காய் மொத்தத்தையும் தானே எடுப்பதாகத் தோப்புக்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். ரியாத்துப் பணம் வந்தால்தான் அவர்களுக்குக் காசு. தாண்டாவிட்டால் அவர்கள் இன்றைக்கே வியாபாரிகளுக்குக் கொடுத்துவிடலாம். வியாபாரிகள் ஒரு வட்டாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். திருப்பி அனுப்பிவிட்டால் ஆந்திராப் பக்கம் போய்விடுவார்கள், பிறகு காய் மரத்திலேயே அழுகும். "மொதல் காயி பறிக்கறப்ப தேங்காய் ஒடைக்கச் சொல்லியிருக்கேன்," என்றார். இவ்வளவு பேரைத் தோப்பில் நிற்கவைத்துவிட்டு இவர் இங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது. லாரி தாண்டியபிறகு சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஆனால் அதில் தேங்காய்க்கும் கைதட்டலுக்கும் இடம் இருந்திருக்காது.

குல் ஜமான் என் செல்லுக்குத்தான் கூப்பிட்டான். சவூதிப் பக்கத்திலிருந்து.

"பாய், கஸ்டம்ஸ்வாலா போல்தா ஹை, ஃப்ரீ ஜோன் கா மால் ஹை. பாஞ்ச் பர்சென்ட் தோ, நஹி தோ வாபஸ்."

ஐந்து சதவீதம் கட்டு, இல்லாவிட்டால் திரும்பிப் போ என்கிறார்களாம். அதிகாரியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். கொட்டாவி விட்டுக்கொண்டே பேசினான். அவனுக்கு இதில் கோபமும் இல்லை, அக்கறையும் இல்லை. ஃப்ரீ ஜோன் என்பது சுங்க எல்லைக்கு வெளியே இருக்கிற இடம். அங்கே செய்த சரக்கு எங்களுக்கு வெளிநாட்டுச் சரக்கு. அங்கே மாங்கூழ் காய்ச்சினாலும் ஒன்று, இந்தியாவில் காய்ச்சினாலும் ஒன்று. இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றான். கலாஸ், முடிந்தது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

தமிழில் சொன்னேன். பழனிச்சாமி ரகுநாதனைப் பார்த்தார்.

"சார், டெக்னிக்கலா பார்த்தா நான் சொன்னது கரெக்ட்," என்றான் ரகுநாதன். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினான். "ஜோனுக்குள்ள கொண்டு வர்றதுக்கு ட்யூட்டி ஜீரோதான். நீங்க ஊர்லேர்ந்து கூழ் கொண்டு வந்தீங்களே, வரி கட்டினீங்களா? வெளிய போறப்ப என்னன்னு நீங்க கேக்கவே இல்லயே சார்."

அந்த முகத்தில் ஒரு அறை விட்டால் தேவலாம் என்றிருந்தது. அவனுக்கு மாங்காயும் ஒன்றுதான், செங்கல்லும் ஒன்றுதான். லைசென்ஸ் விற்றான், கமிஷன் வந்தது, ஏ.சி. வண்டியில் ஒரு பயணமும் பரோட்டாவும் மிச்சம். ஆனால் பழனிச்சாமியை நினைத்தால் அதைவிட ஆத்திரமாக இருந்தது. தொழில் தெரிந்த மனிதர். கொட்டையைப் பார்த்து எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்லக்கூடியவர். பித்தளைப் பலகையில் பெயரைப் பார்த்ததும் புத்தி போய்விட்டது.

"ரியாத்காரன்ட்ட கேளுங்க பாய்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இந்த ஒரு வண்டிக்கி வரியக் கட்டிக்கட்டும். அடுத்ததுக்கு நான் வழி பண்றேன்."

கூப்பிட்டேன். ரியாத் மேனேஜர் முழுக்கக் கேட்டான், பிறகு சிரித்தான். வரி கட்டி வாங்குவதற்கு நான் என்ன பைத்தியமா என்றான். அந்த மனிதனை விடு, உன்னிடம் எகிப்துச் சரக்கு இருக்கிறதல்லவா, சீசன் முழுவதற்கும் நீயே கொடு, இப்போதே சொல், இல்லையென்றால் ஜித்தாவில் ஆள் இருக்கிறான் என்றான். நான் எதிரே இருந்த பழனிச்சாமியைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். சரி என்று அரபியில் சொன்னேன். வியாபாரி வேறு என்ன சொல்வான்? எத்தனையோ பேர் என் முதுகுக்குப் பின்னால் இதே மாதிரி சரி சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன சொன்னான் பாய்?"

"முடியாதுங்கறான். வண்டியத் திருப்பிடச் சொல்லுங்க."

மற்றதைச் சொல்லவில்லை. பழனிச்சாமி கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். ரகுநாதன் கை கழுவ எழுந்து போனான், வெகுநேரம் கழுவினான். அப்போது கனகா மறுபடி கூப்பிட்டார். மணியடித்துக்கொண்டே இருந்தது. பழனிச்சாமி எடுத்தார். பழக்கம் விடவில்லை, ஸ்பீக்கர்.

"என்னங்க, வியாபாரிங்க கெளம்பறாங்க. தோப்புக்காரங்க என் மூஞ்சியவே பாக்கறாங்க. எடுக்கறமா, இல்லயா? ஒரு வார்த்த சொல்லுங்க."

இல்லை என்ற ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அத்தனை காயும் இன்று சாயங்காலத்துக்குள் விலைபோகும். தோப்புக்காரர்கள் பிழைத்தார்கள். இவருக்குத் தலைகுனிவு, அவ்வளவுதான். நான்கு நாள் பேசுவார்கள், மறந்துவிடுவார்கள்.

"தாண்டிடுச்சி," என்றார் பழனிச்சாமி. "அவங்கள அனுப்பிடு. பறிக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் கனகா யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது. ஒரு கைதட்டல். விசில். ஒருவர் பழனிச்சாமியின் பெயரைச் சொல்லி வாழ்க என்றார். பழனிச்சாமி உட்கார்ந்தபடியே கொஞ்சம் நிமிர்ந்தார். கழுத்தில் துணியைச் சுற்றிப்போட்டுக்கொண்டு நடுவெயிலில் நிற்கிறவர்களின் ஒரு வருஷத்தை விற்று ஒரு விசில் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க," கனகாவின் குரல் திரும்பி வந்தது. "உங்க கொரல் ஒரு மாதிரி இருக்குது. பாய் அண்ணா பக்கத்துல இருக்காங்களா? குடுங்க."

பழனிச்சாமி என்னைப் பார்க்கவில்லை. செல்லை மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளினார். ரகுநாதன் ஈரக்கையோடு வந்து நின்றுவிட்டான். நான் செல்லை எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்தேன்.

"அண்ணா, நெஜமாவே தாண்டிடுச்சிங்களா? நீங்க சொன்னா நான் நம்பறேன்."

நான் வாயைத் திறந்தபோது அங்கே ஒரு லாரி உறுமிக் கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. மண்பாதையில் காலி லாரிகள் தடதடவென்று குலுங்கிக்கொண்டு போகும் சத்தம் காதை அடைத்தது.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணா," என்றார் கனகா. "லாரிங்க போவுது. ஒண்ணும் கேக்கல."