துடைப்பத்தோடு ஓர் ஆட்டம்

"ஷூவைக் கழட்டி வச்சிரு. வெறுங்காலோட ஆடணும், அதுதான் முறை" என்றாள் அம்மா.

தங்கை வெர்லியின் கல்யாண உடுப்பில் கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்த அசேலி நிமிர்ந்தாள். "நான் ஆட மாட்டேம்மா."

"இதென்ன கூத்து! அக்கா இருக்கத் தங்கச்சிக்குக் கல்யாணம்னா, அக்கா தொடப்பத்தோட ஆடணும். உங்க அத்தை ஆடலியா? எல்லாம் வேடிக்கைக்குத்தானே!"

அத்தை ஆடினாள். பிறகு கொல்லையில் போய் அழுதாள். யாருக்கு வேடிக்கை என்று, லூசியானாவில் பிரெஞ்சு பேசும் எங்கள் கேஜன் ஜனங்கள் கேட்டதே கிடையாது. இங்கிலீஷ் பேசாமல் பிரெஞ்சு பேசினோம் என்று பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைத்தபோது எங்களுக்கு வலித்தது. இது மட்டும் வலிக்காதாம்!

அசேலிக்கு முப்பத்து நாலு வயது. அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த காலத்தில் தம்பி தங்கைகளை வளர்த்தவள் அவள்தான். அப்போது இறால் பிடிக்கும் க்ளோவிஸ் பெண் கேட்டு வந்தான். "வீட்டை யார் பார்ப்பா?" என்று அப்பா ஒனேசிம் அவனை வாசலோடு அனுப்பிவிட்டார். இன்று அம்மா எழுந்து நடமாடுகிறாள். க்ளோவிஸுக்கு மூன்று பிள்ளைகள்.

மாலையில் நடனக் கூடத்தில் அக்கார்டியன் முழங்கியது. மேசை நிறைய அசேலி சுட்ட கேக்குகள். முதல் ஆட்டம் முடிந்ததும் இளவட்டங்கள் கூச்சல் போட்டார்கள்: "தொடப்பம்! தொடப்பம்!"

அப்பாவே ஒரு துடைப்பத்துக்கு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தார். "வாடி பெரியவளே, உன் மாப்பிள்ளை வந்தாச்சு!"

கூடம் குலுங்கிச் சிரித்தது. அசேலி ஷூவோடு நடுவில் வந்து நின்றாள். துடைப்பத்தை வாங்கவில்லை.

"ஆமாப்பா, இது நீங்க பார்த்த மாப்பிள்ளைதான். வீடு தேடி வந்த மனுஷனைத் துரத்திட்டு இதைத்தானே என் கையில குடுத்தீங்க? இத்தனை வருஷம் இதோட குடும்பம் நடத்தியாச்சு, போதும். இனிமே நீங்க ஆடுங்க."

சிரிப்பு அடங்கியது. அப்பாவின் முகம் வெந்த நண்டாய்ச் சிவந்தது. "சபையில மானத்தை வாங்குறியே!"

"இது மானத்தை வாங்குற ஆட்டம்னு இப்பத்தான் தெரியுதாப்பா?"

வெர்லி மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு வந்து அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "வாசிங்க மாமா, ஏன் நிறுத்திட்டீங்க? நானும் எங்கக்காவும் ஆடப்போறோம்."

அக்கார்டியன்காரர் ஒனேசிமைப் பார்த்தார், அசேலியைப் பார்த்தார், பிறகு வாசித்தார். அக்காளும் தங்கையும் பலகைத் தரை அதிர, ஷூக்காலோடு சுற்றிச் சுற்றி ஆடினார்கள்.

ஒனேசிம் துடைப்பத்தோடு நடுக்கூடத்தில் நின்றார். அதை வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை, அம்மாகூட.