டிரம்மர் இல்லாத ஆல்பம்

ஐஸ் பெட்டியின் வயரைச் செருக இடம் கிடைக்கவில்லை. ஹாலில் இருந்த ஒரே பிளக்கில் சிந்தசைசர் மாட்டியிருந்தது. பெட்டி கொண்டுவந்த ஆள் அதைத் தொடத் தயங்கி நிற்க, வசந்தியே குனிந்து பிடுங்கினாள். கணவர் மகேஸ்வரன் இருந்திருந்தால் இன்னும் சேவ் பண்ணவில்லையே என்று அலறியிருப்பார். அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

காலையில் டாக்குரியா ஏரிக்கரையைச் சுற்றி நடந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். அறுபத்தேழு வயது. மகள் நந்திதா பெங்களூரிலிருந்து மூன்று மணிக்குள் வந்துவிடுவாள். அதுவரை காத்திருக்க வேண்டும்.

முப்பது வருடம் கொல்கத்தாவின் கல்லூரி மேடைகளில் கிடார் வாசித்தவர் மகேஸ்வரன். 'லாஸ்ட் லோக்கல்' என்ற அவர்களுடைய ராக் குழுவில் இரண்டு பேர் தமிழர்கள். ஒருவர் அவர். டிரம்ஸ் வாசித்த இன்னொருவர் வசந்தியின் அண்ணன் முருகானந்தம். பகலில் லேக் மார்க்கெட்டில் காபிப் பொடிக் கடை, சாயங்காலமானால் டிரம்ஸ். ஒத்திகை முடிந்து அண்ணனோடு இட்லி சாப்பிட வந்த சிநேகிதன்தான் பிற்பாடு வசந்தியின் கழுத்தில் தாலி கட்டினான்.

ஏழு வருடத்துக்கு முன்னால், கிழவனாகிவரும் வயதில், மகேஸ்வரன் இந்த சிந்தசைசரை வாங்கிவந்தார். புது சைக்கிள் கிடைத்த பையன்போல எட்டு மாதம் அதை விட்டு இறங்கவில்லை. கிடாரை ஓரங்கட்டிவிட்டு, டிரம்ஸ் உட்பட எல்லாவற்றையும் மெஷினிலேயே வைத்து ஓர் ஆல்பம் போட்டார். 'மிக்சி ஓடும் வீட்டில் யாரோ தாலாட்டுப் பாடுவது போலிருக்கிறது' என்று ஒரு வங்காளப் பத்திரிகை எழுதியது. அதை வெட்டிவைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் நடித்துப் படித்துக் காட்டினார். வெளியீட்டு விழாவில் ரசிகர்கள் பழைய பாட்டையே கேட்டுக் கத்தினார்கள். அதற்கும் அவர் அசரவில்லை.

அண்ணன்தான் ஆடிப்போனான். சிடியின் பின்னட்டையில் 'எல்லாக் கருவிகளும்: மகேஸ்வரன்' என்று இருந்ததைப் பார்த்துத்தான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. அன்றோடு இந்த வீட்டு வாசல்படி ஏறுவதை நிறுத்திவிட்டான். சமாதானம் பேச மகேஸ்வரன் மூன்று முறை கடைக்குப் போனார். முருகானந்தம் முகத்தைப் பார்க்காமல் கால் கிலோவா அரைக் கிலோவா என்று மட்டும் கேட்டான். மூன்று முறையும் அவர் காபிப் பொடியோடு திரும்பி வந்தார்.

இரண்டு மணிக்கு முருகானந்தம் வந்தான். தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடியாக ஒரு புடவை, கடைக் கவரிலேயே கையில் இருந்தது. பெட்டியருகே வெகுநேரம் நின்றான். கூட்டம் வழிவிட்டு ஒதுங்கியது.

"வசந்தி, அந்த ஆல்பம் இருக்கா?"

"இருக்காவா? கட்டிலுக்கு அடியில நானூறு இருக்கு."

"ஒண்ணு போடு. நான் கேட்டதே இல்ல."

மகேஸ்வரனின் அக்கா கமலம், துக்க வீட்டில் பாட்டு என்ன பாட்டு என்று முணுமுணுத்தாள். குழுவில் பேஸ் கிடார் வாசித்த கௌசிக், வேறு எதை வேண்டுமானாலும் போடச் சொல்லி வங்காளத்தில் கெஞ்சினார். வசந்தி பேட்டரி பிளேயரில் போட்டாள்.

முப்பத்தெட்டு நிமிடம் ஓடியது. முருகானந்தம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவன்போல ஒரு சத்தத்தையும் தவறவிடாமல் கேட்டான். நடுவில் தேநீர் வந்தது. அவன் எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு நின்றதும் தங்கையைப் பார்த்தான்.

"ரொம்ப மோசமா இருக்குடி."

ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாததை வசந்தி சொன்னாள். "ஆமாண்ணா."

"நாலாவது பாட்டு கொஞ்சம் தேவலை."

"அது நாலாவது இல்ல. மூணாவதோட மிச்சம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "என்னைவிட நல்லா வாசிக்கிற ஒண்ணு அவனுக்குக் கெடச்சிடுச்சுன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்" என்றான். தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்றுதான் வசந்தி கிட்டே போனாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. காரணம் புரியாமலே கௌசிக் சிரித்தார். கமலம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"மோசம்னு அவனுக்குத் தெரியுமா?"

"எங்க தெரியும்? பிரமாதம்னு நெனச்சாரு. நேத்து ராத்திரிகூட அடுத்ததுக்கு ஏதோ பண்ணிட்டிருந்தாரு."

முருகானந்தம் கொஞ்சம் தயங்கினான். "அதுல டிரம்ஸ்?"

ஒரு நல்ல பொய் அவள் நாக்கு நுனிவரை வந்தது. "அதுலயும் மெஷின்தான்" என்றாள்.

"திருந்தவே மாட்டான்" என்றான் அண்ணன், கண்ணைத் துடைத்தபடி.

பையோடு படியேறி வந்த நந்திதா, வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு வாசலிலேயே திகைத்து நின்றாள். வசந்தி போய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் அழுதாள். முருகானந்தம் அவளுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தான்.

நான்கு மணிக்குச் சுடுகாட்டுக்குப் போகும் கண்ணாடி வண்டி வந்தது. தலைமாட்டில் அண்ணனும் எதிரே தாயும் மகளும் ஏறிக்கொண்டார்கள். பாலம் தாண்டி, கடியாஹாட் நெரிசலில் ஊர்ந்து, ராஷ்பிஹாரி சாலையில் திரும்பியதும் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மகேஸ்வரனின் உடல் லேசாக ஆடியது. முருகானந்தம் சட்டென்று அவர் மார்பின்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அதற்கப்புறம் ரோடு நன்றாகத்தான் இருந்தது. அவன் கடை இருக்கும் லேக் மார்க்கெட் வந்தது, போனது. அவன் கையை எடுக்கவில்லை.