பொன்சோ எழுதிய கடிதம்

படகிலிருந்து இறங்கி நேரே வந்ததால் மெர்லியின் சட்டைக் காலரில் இன்னும் உப்புப் பிசுபிசுப்பு இருந்தது. இலோய்லோ நகரத்துப் பல்கலைக்கழகம், மின்பொறியியல் துறை, மூன்றாம் மாடி. முதுகலைச் சேர்க்கை நேர்முகத்துக்காக வெளியே காத்திருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் நேற்றுப் பட்டம் வாங்கியவர்கள் போல இருந்தார்கள். அவளுக்கு முப்பத்தாறு. பக்கத்தில் இருந்த பெண், "பொண்ணு உள்ள போயிருக்காளா, அக்கா?" என்று கேட்டாள்.

"நான்தான் போகணும்."

அந்தப் பெண் முகம் சிவந்து, தன் கையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். மெர்லி மறுக்காமல் வாங்கித் தின்றாள். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை.

மடியில், வாய் ஒட்டப்பட்ட கடித உறை ஒன்று. விண்ணப்பத்துக்கு வேண்டிய இரண்டு பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று பழைய ஆசிரியரிடமிருந்து முன்பே வந்துவிட்டது. இது மற்றது. அவள் வசிக்கும் தீவின் மின் கூட்டுறவுச் சங்கத்தில் அவளுடைய மேலதிகாரி பொன்சோ எழுதியது. லைன்மேனாகச் சேர்ந்து மேலே வந்தவர், ஐம்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருடமாக அவளும் அவரும் கம்பம் கம்பமாக அலைந்திருக்கிறார்கள். மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு இன்று விடியலில் படகுத்துறையில் வைத்துத்தான் கொடுத்தார். ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்து.

"என்ன சார் எழுதியிருக்கீங்க?"

"உன்னைப் பத்தித்தான்."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

உள்ளே மூன்று பேர். ஓரத்தில் இருந்த இளம் பேராசிரியர் ஒரு சமன்பாட்டை எழுதச் சொன்னார். பாதியில் கை நின்றுவிட்டது. "மறந்துபோச்சு சார்" என்றாள். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். நடுவில் அமர்ந்திருந்த துறைத்தலைவி டாக்டர் வில்யாருஸ், நரைத்த தலையைச் சாய்த்து, "இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மெர்லி ஒரு எருமையைப் பற்றிச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடை. கடற்கரை ஓரமாகப் போகும் கம்பி ஒன்று அறுந்து காய்ந்த மணலில் விழுந்தது. கம்பி விழுந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் மின்சாரம் தானே நின்றுவிடும் என்று ஊர்க்கூட்டம் ஒவ்வொன்றிலும் அவள்தான் சொல்லி வந்திருந்தாள். அன்றைக்கு நிற்கவில்லை. காய்ந்த மணல் வழியாக மிகக் கொஞ்சம்தான் மின்சாரம் ஓடும். கோளாறு கண்டதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய ரிலே சப்ஸ்டேஷனில் இருந்தது; அதுவோ, யாரோ நாலு வீட்டில் சோறு வைக்கிறார்கள் என்று எண்ணிச் சும்மா இருந்துவிட்டது. நாற்பது நிமிடம் மின்சாரத்தோடு கிடந்த கம்பியை, ஊர்க்காரர் இஸ்கோவின் எருமை மிதித்துச் செத்தது. இஸ்கோ சண்டைக்கு வரவில்லை. "நீங்கதான மேம் சொன்னீங்க, விழுந்தா நின்னுடும்னு?" என்று மட்டும் கேட்டார். அன்று அவள் ரிலேயில் வைத்திருந்த எல்லா அளவுகளையும் சரிபார்த்தாள். புத்தகப்படி ஒன்றில்கூடத் தவறில்லை. தவறு இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இப்படி விழுந்த கம்பியை எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிற கேள்விக்கு இன்னும் யார்கிட்டயும் முழுசா பதில் கிடையாது, தெரியுமில்ல?" என்றார் வில்யாருஸ்.

"தெரியும் மேம். ரெண்டு வருஷமா தேடிட்டுத்தான் இருக்கேன்."

வில்யாருஸ் உறையைப் பிரித்தார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இதை உங்களுக்குக் காட்டுறது வழக்கமில்ல. ஆனா உங்ககிட்ட கேக்காம முடிவு பண்ணவும் முடியாது" என்று சொல்லிவிட்டு வாய்விட்டு வாசித்தார்.

'இவளைவிடத் தகுதியான ஆளை நான் பார்த்ததில்லை. புயலுக்குப் பிறகு ஆறே நாளில் ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் கொண்டுவந்தது இவள். ஆகவே தயவுசெய்து இவளை எடுக்க வேண்டாம். தீவில் இருக்கும் ஒரே இன்ஜினியர் இவள்தான். உங்களிடம் நிறையப் பேர் வருவார்கள். எங்களிடம் யாரும் வருவதில்லை.'

இளம் பேராசிரியர் சிரிக்கத் தொடங்கி, யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மெர்லிக்குக் கோபம் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. பன்னிரண்டு வருடத்தில் அந்த மனுஷர் 'பரவாயில்ல' என்பதற்கு மேல் அவளிடம் எதுவும் சொன்னதில்லை.

"அவர் சொல்றது சரியா?"

"சரிதான் மேம்."

"அப்ப நாங்க என்ன செய்யட்டும்?"

மெர்லி தன் கைகளைப் பார்த்தாள். "என்னை எடுத்துக்கங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மூன்று வாரத்தில் சேர்க்கை ஆணை வந்தது. உதவித்தொகையோடு இரண்டு வருட முழுநேரப் படிப்பு. வேலை பார்க்கும் இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச்சேர வேண்டும். திங்கட்கிழமை காலை அந்தப் படிவத்தைப் பொன்சோவின் மேஜையில் வைத்தாள்.

"நீங்க எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டினாங்க."

"காட்டக்கூடாதே."

"காட்டினாங்க."

"பொய் ஒண்ணும் எழுதல."

"இல்ல. ஆனா பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது என்கிட்டயே சொல்லியிருக்கலாம், சார்."

"சொல்லியிருந்தா நீ அப்பவே கிளம்பியிருப்ப."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "ரெண்டே வருஷம். திரும்பி வந்துடுவேன்" என்றாள்.

"இங்கேருந்து படிக்கப் போன ரோமல் இப்படித்தான் சொன்னான், இப்ப துபாய்ல இருக்கான். லைசாவும் சொன்னா. கனடாவுல குழந்தையே பிறந்தாச்சு." படிவத்தை விரலால் ஒரு பக்கமாக நகர்த்தினார். "மாட்டேன்னு சொல்லல. இன்னிக்கு மாட்டேன்."

சத்தியம் செய்திருக்கலாம். வாய் வரவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தான் யாராக இருப்போம் என்று தனக்கே தெரியாதபோது அந்த மனுஷரிடம் எப்படிச் சத்தியம் செய்வது? ரோமலும் பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லியிருக்க மாட்டான். செவ்வாயும் புதனும் போயின. படிவம் அதே இடத்தில் கிடந்தது. மரக்கிளை விழுந்த இரண்டு இடங்களுக்கு ஒரே வண்டியில் போய்வந்தார்கள்.

வியாழன் காலை அவள் வந்தபோது கட்டுப்பாட்டு அறைக் கதவு திறந்திருந்தது. பொன்சோ உள்ளே ரிலேப் பெட்டிகளின் முன்னால் நின்றிருந்தார். இத்தனை வருடமாக அந்த அறையில் அவர் தொடாத பக்கம் அது; அந்த வேலை அவளுடையது. படிக்கும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொரு ரிலேயின் எண்களையும் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எண்ணையும் எழுதியபின் நிமிர்ந்து மறுபடி சரிபார்த்தார். நோட்டில் ஏற்கெனவே மூன்று பக்கம் நிறைந்திருந்தது.

அவள் வந்தது தெரிந்தும் அவர் திரும்பவில்லை.

"இது ஒண்ணா, ஏழா?"

மெர்லி பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். "ஏழு, சார்."

அவர் ஏழு என்று எழுதினார். பிறகு நோட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு, அடுத்த பெட்டியின் முன்னால் போய் நின்றார்.