உள்ளே ஒன்றுமில்லாத தூண்கள்

எனக்குக் கோபம் வந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இன்னும் இறங்கவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் என்னைக் காரில் ஏற்றித் துறைமுகக் கரைக்குக் கூட்டிப்போனார்கள். பழைய கரையைச் செப்பனிட்டு நடக்க ஒரு பாதை, சைக்கிள் ஓட்ட ஒரு பாதை என்று போட்டிருக்கிறார்கள். போட்ட கம்பெனியில் மாப்பிள்ளைதான் இன்ஜினியர். அதே கரையில் முப்பத்தொரு வருஷம் கப்பலுக்குக் கயிறு கட்டினவன் நான். இறங்கும்போதே மகள் காதோடு சொன்னாள்.

"அப்பா, குறை சொல்லாதீங்க. அவரு ரெண்டு வருஷம் தூக்கமில்லாம உழைச்சிருக்காரு."

"நான் இன்னும் வாயையே திறக்கலையே?"

"அதான் இப்பவே சொல்றேன்."

பாதை நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சிவப்புச் சாயம் பூசிய சைக்கிள் பாதை, பக்கத்தில் பெஞ்சு, குப்பைத் தொட்டி. தண்ணீர் ஓரம் முழுக்க முழங்கால் உயரத்தில் கறுப்புத் தூண்கள், இருபதடிக்கு ஒன்று. நாங்கள் கயிறு மாட்டின இரும்புத் தூண்கள் மாதிரியே தலை பருத்து, இடுப்பு சிறுத்து. பார்த்ததும் எனக்கே ஒரு சந்தோஷம்.

கயிற்றின் கண்ணியை மாட்டும் முன் குதிகாலால் தூணை ஓர் உதை விடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். நல்ல தூண் கம்மென்று இருக்கும், கால்தான் வலிக்கும். பழக்க தோஷத்தில் விட்டேன் ஓர் உதை.

டங்.

காலித் தண்ணீர் டிரம் மாதிரி.

"என்ன மாப்பிள்ளை இது?"

"பழசையெல்லாம் எடுத்தாச்சு மாமா. இது அழகுக்கு. உள்ள ஒண்ணும் இல்ல, தகடுதான். கீழ நாலு போல்ட்டு."

"கயிறு கட்டாதேன்னு எழுதி வைக்கலையா?"

"இங்க எந்தப் படகு மாமா வரப்போகுது? படகுத்துறை அந்தக் கோடியில இருக்கு. போர்டு வெச்சா பார்க்க நல்லாவா இருக்கும்?"

"கரையோரம் தூண் நின்னா, தண்ணியில இருக்கிறவன் கட்டத்தான் செய்வான்."

"அப்பா," என்றாள் மகள். அந்த ஒரு சொல்லுக்குள் முழு வசவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

அரைமணி நேரம் ஆகியிருக்காது. ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டுகிற படகு ஒன்று இருமிக்கொண்டே வந்தது. இன்ஜின் நின்றுவிட்டது. நீரோட்டம் கரைப்பக்கம் தள்ள, படகின் முனையில் நின்ற கயிற்றுக்காரன் கண்ணியை வீசினான். நாற்பது வயசு ஆள், கை சுத்தம். ஒரே வீச்சில் தூணின் கழுத்தில் விழுந்தது. படகில் நின்று வீசுகிறவன் தூணை எப்படி உதைத்துப் பார்ப்பான்?

அதற்குள் ஒரு பெண் ஓடிவந்து அதே தூணில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் படகு வரும்படி படம் எடுக்க வேண்டுமாம். புருஷன் போனைத் தூக்கினான்.

தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் போனது. அதன் அலை வந்து படகைக் கரையிலிருந்து வெளியே இழுத்தது. கயிறு தண்ணீரை உதறிக்கொண்டு விறைத்தது. தூணின் அடியில் தரைக்கல் பிளக்கிற சத்தம் கேட்டது.

ஓடினேன். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் சைக்கிள் பாதையில் விழுந்தோம்.

"யோவ் பெருசு! பொம்பளை மேல கை வைக்கிறே?" புருஷன் என் சட்டையைப் பிடித்தான்.

பிடித்த கையோடு திரும்பிப் பார்த்தான். தூண் போல்ட்டைப் பிய்த்துக்கொண்டு, கல்லோடு போய்த் தண்ணீரில் விழுந்தது. சட்டை அவன் கையிலிருந்து தானாக நழுவியது.

படகை வேறொரு படகு வந்து இழுத்து நிறுத்தியது. யாருக்கும் அடியில்லை. என் முழங்கை மட்டும் உரிந்திருந்தது. துறைமுக அதிகாரி வந்தார். நேராகக் கயிற்றுக்காரனிடம் போனார்.

"இங்க கட்டச் சொன்னது யாருய்யா?"

"தூண் இருந்துச்சு சார். கட்டினேன்."

"தூண் இருந்தா கட்டிடுவியா? உன் லைசென்ஸை எடுத்து வை. நாளையிலிருந்து நீ படகுல ஏற வேண்டாம்."

"சார், புள்ளைங்க இருக்கு சார். இது போலித் தூணுன்னு யாரு சொன்னா எனக்கு?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார். நன்றாகப் படித்தவர், மரியாதை தெரிந்தவர், எனக்கு மாத்திரை தீருமுன் வாங்கி வைக்கிறவர். அந்த வாய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். விரல் போன் திரையையே தள்ளிக்கொண்டிருந்தது.

மகள் என் முழங்கையைப் பிடித்தாள். காயத்திலேயே பிடித்தாள்.

"வேண்டாம்பா. அவரு வேலை போயிடும். நாம என்ன பண்ணுவோம்?"

"அந்த ஆளு என்ன பண்ணுவான்?"

"அவன் யாரோப்பா."

அதுதான் எனக்கு உச்சிவரை ஏறியது. அவன் யாரோ இல்லை. முப்பத்தொரு வருஷம் நான் நின்ற இடத்தில் நிற்கிறவன். தூணை நம்பினது தப்பென்றால் எங்கள் ஆட்கள் ஒருவன்கூட உயிரோடு வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்.

மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கால் வந்தது. பக்கத்துத் தூணுக்கு நடந்தேன். குதிகாலால் விட்டேன்.

டங்.

அதிகாரி திரும்பினார். அடுத்த தூண். டங். அதற்கடுத்தது. டங். சைக்கிள்காரர்கள் நின்றுவிட்டார்கள். கயிற்றுக்காரனும் வந்து ஒன்றை உதைத்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"பெரியவரே, என்ன பண்றீங்க?" என்றார் அதிகாரி.

"நீங்களே உதைச்சுப் பாருங்க சார். அப்புறம் அந்த ஆளோட லைசென்ஸைத் தொடுங்க."

அவர் உதைத்தார். டங். பிறகு மெல்லக் கேட்டார், "இதை வெச்சது யாரு?"

மாப்பிள்ளையின் போன் கீழே இறங்கியது.

"அப்பா, வாங்க, வீட்டுக்குப் போலாம்," மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க போங்கம்மா. நான் பஸ்ல வர்றேன். இன்னும் பதினேழு தூண் இருக்கு."