பத்தாவது கட்டம்

"இந்தக் கைநாட்ட யார் முன்னால வெச்சாங்கம்மா?" என்று கேட்டார் உதவி மேசையில் இருந்தவர். அவருடைய பேனா முனை பத்தாவது கட்டத்தில் நின்றது.

அமுதவல்லிக்குக் கேள்வி புரியவில்லை. சட்டமன்றத் தேர்தலில் நிற்க மனுத்தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். காலையிலேயே திண்டிவனம் வந்து வரிசையில் நின்றவள், இப்போதுதான் மேசைக்கு வந்திருந்தாள். சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம்.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். பெரிய கட்சி என்றால் ஒருத்தர் முன்மொழிந்தால் போதும். அவளுடையதைப் போன்ற சின்னக் கட்சிக்குத் தொகுதியில் ஓட்டு இருக்கிற பத்துப் பேர் வேண்டும். ஒன்பது கையெழுத்தும் சரி. ஆனால் கைநாட்டு என்றால் அதிகாரியின் கண் முன்னால்தான் வைக்க வேண்டும். வீட்டிலேயே வைத்து எடுத்து வந்தால் செல்லாது.

"அந்தம்மாவ மூணு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க. இல்லன்னா இது நிக்காது."

அந்தம்மா என்றால் அம்சவள்ளி. மரக்காணத்தில் உப்பளத்தில் நிற்கிறாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

ஆரோக்கியராஜ் வெளியே மீன் பெட்டி ஏற்றுகிற தன் மினி வேனில் காத்திருந்தான். அவள் கட்சிக்கு இந்தப் பக்கம் செயலாளர் அவன்தான். கட்சியின் பெயரைச் சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் 'அது எது?' என்று திருப்பிக் கேட்பார்கள். அவனே கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் அவன் ஊர் பெரிய முதலியார்சாவடி. ஓட்டு பக்கத்துத் தொகுதியில்.

வேறு பத்தாவது ஆள் கிடைக்குமா என்று வழியில் அவள் போட்ட போன்களில் ஒன்றும் தேறவில்லை. ஒருத்தர் வெளியூரில் இருந்தார். ஒருத்தர் மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னொருத்தர் எடுக்கவே இல்லை. முதலில் அந்த ஒன்பது பேரைப் பிடிக்கவே பதினேழு நாள் ஆகியிருந்தது.

பெருமுக்கல் மலை கண்ணில் பட்டபோது ஆரோக்கியராஜ் தொண்டையைச் செருமினான்.

"அமுதா, ஒண்ணு சொல்லணும். திட்டாத."

"சொல்லுண்ணா."

"அந்த ரேகை அம்சக்காவுது இல்ல. என்னுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு மீதியையும் சொல்லி முடித்தான். அம்சவள்ளி விரலை வைத்தாளாம். முப்பது வருஷமாக உப்பு வாரிய கை. வாருபலகையின் கழியும் உப்புத் தண்ணியுமாகச் சேர்ந்து விரலை வழவழவென்று ஆக்கிவிட்டிருந்தன. பேப்பரில் மைத் திட்டு மட்டும்தான் விழுந்தது, ஒரு கோடுகூட இல்லை. இதை எவன் ஒத்துக்கொள்வான் என்று பயந்துபோய், அந்தத் திட்டின் மேலேயே தன் கட்டைவிரலை அழுத்திவிட்டான்.

"அம்சக்காவுக்குத் தெரியுமா?"

அவன் கியரை மாற்றினான். "அவங்க நின்னு பாக்கல. 'வரலன்னா விட்டுடுப்பா'ன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டாங்க."

அமுதவல்லி பையிலிருந்து அந்த மனுவை எடுத்து நாலாகக் கிழித்தாள். நல்லவேளையாக ஒன்பது பேரிடமும் இரண்டு செட்டில் கையெழுத்து வாங்கியிருந்தாள். இரண்டாவது செட்டில் பத்தாவது கட்டம் காலியாகவே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். 'விட்டுடுப்பா' என்றால் என்ன அர்த்தம்? ரேகை விழாததுக்குச் சொன்னாளா, இல்லை தப்பித்தோம் என்று சொன்னாளா?

அம்சவள்ளி தப்பிக்க நினைத்தாலும் குற்றம் சொல்ல முடியாது. அமுதவல்லியும் அதே அளத்தில் பதினாலு வருஷம் வேலை செய்தவள்தான். வெயிலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை, பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ், இது இரண்டைத்தான் கேட்டாள். பொங்கல் கழிந்ததும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அளத்து முதலாளி தட்சணாமூர்த்திக்குப் பெரிய கட்சியில் பதவி இருந்தது.

வேன் மரக்காணம் அளத்தை அடைந்தபோது, அன்றைக்கு லோடு இருந்ததால் மதியத்துக்கு மேலும் வேலை நடந்துகொண்டிருந்தது. பொம்பளைகள் உப்புக் கூடையைத் தலையில் சுமந்து வரப்பு மேல் வரிசையாக லாரிக்கு வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக் குவியலில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைத்தது. அமுதவல்லி உள்ளே கால் வைக்கக்கூடாது. லாரிக்குப் பின்னால் ரோட்டோரமாகவே நின்றாள்.

மேஸ்திரி சிங்காரம் பார்த்துவிட்டான்.

"வாங்க எம்.எல்.ஏ. அம்மா. இங்க ஓட்டு இல்ல, உப்புதான் இருக்குது. கரிச்சா சொல்லுங்க."

"தண்ணி குடிக்க நின்னேண்ணா," என்றாள்.

லாரி பக்கத்தில்தான் தண்ணீர் டிரம் இருந்தது. கூடையைக் கொட்டிவிட்டு அம்சவள்ளி அங்கே வந்தாள். அமுதவல்லி குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். ஆரோக்கியராஜ் செய்த தப்பை மறைக்கவில்லை. நேரில் வந்துதான் வைக்க வேண்டும், அங்கே நாலு பேர் பார்ப்பார்கள், முதலாளி காதுக்கு இன்றைக்கே போய்விடும் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

அம்சவள்ளி சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்து முடித்தாள்.

"நான் வரலன்னா?"

"என்னால நிக்க முடியாதுக்கா."

அம்சவள்ளி சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். தலையில் இருந்த சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிங்காரத்திடம் போனாள். தலை சுத்துது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள். அவன் வேனைப் பார்த்தான், அமுதவல்லியைப் பார்த்தான், வாயைத் திறந்தான். அதற்குள் அவள் ரோட்டுக்கு ஏறிவிட்டாள்.

வேனில் அம்சவள்ளி கெண்டைக்காலில் காய்ந்த உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். வருகிறேன் என்றுதான் செய்கையில் காட்டினாள். வைக்கிறேன் என்று வாயால் சொல்லவில்லை. அமுதவல்லியும் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

இரண்டரைக்குத் திண்டிவனம் வந்தார்கள். பெரிய கட்சி ஊர்வலத்தில் ரோடு அடைத்துக் கிடந்தது. மேளம், பட்டாசு, ஒன்றின்மேல் ஒன்று முட்டுகிற மாதிரி கார்கள். வேன் அசையவே இல்லை.

"எறங்கி ஓடுங்க," என்றான் ஆரோக்கியராஜ்.

இரண்டு பேரும் கூட்டத்துக்குள் புகுந்து ஓடினார்கள். அம்சவள்ளியின் ஒரு செருப்பு அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அளத்தில் வெறுங்காலோடு நடந்து பழகியவளுக்குத் தார் ரோடு பெரிதில்லை. அலுவலக வாசலில் போலீஸ்காரர் பேப்பரைப் பார்த்து உள்ளே விட்டபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

அறைக்குள் தட்சணாமூர்த்தி உட்கார்ந்திருந்தார்.

அவர் கட்சியின் மாற்று வேட்பாளர் மனுவுக்குத் துணையாக வந்தவர், வேலை முடிந்தும் ஃபேனுக்குக் கீழே இருந்தார். அம்சவள்ளியைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை. கோபமும் படவில்லை. சிங்காரம் போன் போட்டிருக்க வேண்டும்.

"என்ன அம்சா, தலை சுத்தல் தேவலையா?"

அம்சவள்ளி கையிலிருந்த செருப்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"தேவலைங்க மொதலாளி. இங்க நெழல் இருக்குதுல்ல, நின்னுடுச்சு."

மேசைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தட்சணாமூர்த்தியும் சிரித்தார்.

"அப்படியா. அப்போ நாளையிலேர்ந்து நெழல்லயே இரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேர்தல் அதிகாரி தலையைத் தூக்கி, வேலை முடிந்தவர்கள் வெளியே இருக்கலாம் என்றார். தட்சணாமூர்த்தி எழுந்தார், ஆனால் கதவோரமே நின்றுகொண்டார்.

மைப்பெட்டியை அம்சவள்ளிக்கு முன்னால் தள்ளினார்கள். அவள் அதையே பார்த்தாள். வீட்டில் அவள் ஒருத்தி சம்பாதித்துத்தான் அடுப்பு எரிகிறது என்பது அமுதவல்லிக்குத் தெரியும். கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தாறு.

"அக்கா, வேணாம்னா வேணாம். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நீ சும்மா இரு," என்றாள் அம்சவள்ளி. "சார், எங்க வெக்கணும்?"

பத்தாவது கட்டத்தில் வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தபோது அங்கே நீலத் திட்டு ஒன்று இருந்தது. கோடு இல்லை, வளைவு இல்லை.

"நல்லா அழுத்தும்மா," என்றார் எழுத்தர்.

"இன்னா அழுத்தினாலும் இவ்ளோதான் சார். ரேஷன் கடை மிஷினுக்கே என்னத் தெரியாது."

"ரேகையே விழலையே சார். அப்போ செல்லாதில்ல?" என்றார் கதவோரத்திலிருந்து தட்சணாமூர்த்தி.

அமுதவல்லி அதிகாரி பக்கம் திரும்பினாள். இத்தனை தூரம் வந்து, இத்தனை பேர் பார்க்க, கடைசியில் இதிலா? அம்சவள்ளி அதற்குள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டியிருந்தாள். கைரேகையை யாரும் நம்பாததால் அதை எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிறவள் அவள்.

அதிகாரி அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பட்டியலில் பாகம் எண், வரிசை எண் பார்த்தார். அவசரமே படவில்லை. அமுதவல்லி கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு?"

"அம்சவள்ளி."

"இவங்கள முன்மொழிய நீங்களே விரும்பித்தான் வந்தீங்களா?"

"பின்ன, வேலைய உட்டுட்டு யாராவது சும்மா வருவாங்களா சார்?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். "ரேகை பாக்க இது போலீஸ் ஸ்டேஷன் இல்ல," என்று பொதுவாகச் சொன்னார். "எனக்கு ஆள் தெரியணும், அவங்க வெச்ச அடையாளம் தெரியணும். ரெண்டும் என் முன்னால இருக்குது." திட்டுக்குப் பக்கத்தில் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு மனு அவர் கைக்குப் போனது. உறுதிமொழியை அமுதவல்லி நின்றுகொண்டு படித்தாள். பாத்திக்குப் பாத்தி கூப்பிட்டுப் பழகிய குரல். அந்தச் சின்ன அறைக்கு அது அதிகமாகவே இருந்தது. படித்து நிமிர்ந்தபோது கதவோரத்தில் யாரும் இல்லை.

வெளியே ஆரோக்கியராஜ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அம்சவள்ளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் நீலமாக இருந்த விரலை அவன் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"இதான்டா என்னுது. பாத்துக்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். செருப்பைத் தைத்துக்கொண்டு வருகிறேன் என்று அதைக் கேட்டு வாங்கிப் போனான்.

வேலைக்கு என்ன செய்வாய் என்று கேட்கத்தான் அமுதவல்லி அம்சவள்ளி பக்கம் திரும்பினாள்.

அம்சவள்ளியே ஆரம்பித்தாள். "நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?"

"எங்கக்கா?"

"ஓட்டு கேக்க. அளத்துக்கா போவ முடியும் இனிமே?"

"ஏழு மணிக்குக் கெளம்பலாம்னு இருந்தோம்."

"ஏழா?" அம்சவள்ளி முந்தானையை உதறிச் செருகினாள். "நாலு மணிக்கெல்லாம் பொம்பளைங்க அளத்துல எறங்கிடுவாளுங்க. ஏழு மணிக்குப் போயி காலி வீட்டுக் கதவுகிட்டயா ஓட்டு கேப்ப? மூணரைக்கு வண்டிய என் வீட்டாண்ட கொண்டாரச் சொல்லு."