நிறவாரியாக

தம்பி கண் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், பெட்டியை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடிக்கு பவர் மாற்ற வேண்டும், அதற்கு எதற்கு இரண்டு ஆள் என்று சொல்லி அவன் தனியாகப் போயிருந்த இரண்டு நாளும் நான் உட்கார்ந்து செய்த வேலை அது. இடுப்பு விட்டுப் போயிருந்தது. "இனிமே எது வேணும்னாலும் கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்டா" என்றேன்.

அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் நூலகத்தின் பின்கூடத்துக்குப் போவான். அவனைப் போல நாலைந்து பைத்தியங்கள் அங்கே கூடி, யாருக்கும் வேண்டாத ரேடியோக்களைப் பிரித்துப் போட்டு உயிர் கொடுப்பார்கள். எந்தச் சாமான் இல்லையென்றாலும் இவன் பெட்டியில் இருக்கும் என்று பெயர். கல்யாணம் வேண்டாம் என்றவன், சினிமா வேண்டாம் என்றவன், அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் காய்ச்சலில்கூட விட்டதில்லை. ஆனால் பெட்டியைத் திறந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். இருபத்து நாலு அறை. ரேடியோவுக்குள் மின்சாரத்தை மட்டுப்படுத்தும், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதான ரெசிஸ்டர்கள் கட்டுக்கட்டாக, ஒவ்வொரு கட்டிலும் அழுக்கு நூல், நூலில் கண்டபடி முடிச்சு. ஓர் அறையின் மூலையில் உப்புத்தாள் ஒட்டியிருந்தது, இன்னொன்றில் சட்டைப் பித்தான், வேறொன்றில் உடைந்த தீக்குச்சி. பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கோப்பு அடுக்குகிறவள் நான். எனக்கு வாய்த்த தம்பி இப்படி.

போன மாதம் அவனாகவே ரெசிஸ்டரின் அளவு பார்க்கும் மீட்டரை யாருக்கோ தூக்கிக் கொடுத்தபோது, பரவாயில்லை, புத்தி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்தத் தைரியத்தில்தான் இதில் கை வைத்தேன். நூலையெல்லாம் வெட்டி எறிந்தேன். உப்புத்தாளைச் சுரண்டினேன். ஒவ்வொரு ரெசிஸ்டரின் மேலும் அதன் அளவைக் காட்டப் பொடிப்பொடியாக நிறக் கோடுகள் இருக்கின்றன அல்லவா, எல்லாவற்றிலும் இருக்கும் தங்கக் கோட்டை விட்டுவிட்டு, மற்றதைப் பார்த்து நிறவாரியாகப் பிரித்தேன். சிவப்பில் தொடங்குவது ஓர் அறை, மஞ்சளில் தொடங்குவது ஓர் அறை. முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே திருஷ்டி கழிக்க வேண்டும் போல இருந்தது.

அவன் மூடியைத் திறந்தான். நேராக இரண்டாவது வரிசை மூன்றாவது அறைக்குள் விரல் போயிற்று. மூலையைத் தடவியது. நின்றது. பக்கத்து அறைக்குப் போனது, அங்கேயும் மூலை. பிறகு அதற்கும் அடுத்தது. முகம் பெட்டியைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. பாராட்டு வரும் என்று சிரித்த வாயோடு நின்றவள், சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"நூலெல்லாம் எங்கக்கா?"

குப்பையில் போட்டதையும், காலையிலேயே வண்டி வந்து அள்ளிப் போனதையும் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். "நல்லாத்தான் அடுக்கியிருக்கே" என்று மூடியைச் சாத்தினான். நான் மறுபடி திறந்து, கைக்கு வந்த ஒன்றை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, இது என்ன நிறம் என்று கேட்டேன். அவன் பார்வை என் விரலைத் தாண்டி ஜன்னல் பக்கமே இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். நிறம் போய் எட்டு மாதம் ஆகிறது. போன மாதத்திலிருந்து மீட்டரின் எண்ணும் தெரியவில்லை. அதற்கு முன்பே, நான் வேலைக்குப் போன நேரங்களில் மீட்டரின் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து, கை கண்டுபிடிக்கும்படி நூல் கட்டியிருக்கிறான். ஒரு முடிச்சு என்றால் ஓர் அளவு, இரண்டு என்றால் இன்னொன்று. கண் முழுக்கப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை போகாது என்று கணக்குப் போட்டிருக்கிறான். இன்னும் ஆறு மாதம் வெளிச்சமாவது தெரியும் என்று மருத்துவர் சொன்னாராம்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ எனக்காக எல்லாத்தையும் அடுக்கி வச்சிருவே."

அழுதால் அவனுக்குக் கேட்கும் என்பதால் தையல் பெட்டியிலிருந்து நூல்கண்டை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தேன். எண்ணூறுக்குக் குறையாது. முதல் ஒன்றை எடுத்து, பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று படித்தேன்.

"கடைசியா வர்ற தங்கக் கோடு உன் வலப்பக்கம்தான இருக்கு?"

இடப்பக்கம் இருந்தது. திருப்பிப் பிடித்தால் எல்லாம் தலைகீழ். அப்படியானால் நான் பிரித்து வைத்ததில் பாதிக்குமேல் வால் பக்கத்திலிருந்து பார்த்துப் பிரித்தது. அதை அவனிடம் சொன்னேன். "பரவால்லக்கா, ஒண்ணொண்ணாப் பாக்கலாம்" என்றான்.

பதினேழாவதோ பதினெட்டாவதோ எடுத்தபோது என் கண்ணில் நீர் கட்டி, சிவப்பா பழுப்பா என்று பிடிபடவில்லை. கீழே தெருவில் பள்ளிப் பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"மணி ஆறாயிருச்சு. லைட்டப் போட்டுக்கக்கா, உனக்கு இருட்டா இருக்கும்."

எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டினேன். அவன் தலைக்கு மேலேயே குழல்விளக்கு இரண்டு தரம் துடித்துவிட்டு, அறை முழுக்கப் பளீரென்று எரிந்தது. அவன் இமைகூட அசையவில்லை. நூலின் இரண்டு முனைகளையும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, "போட்டுட்டியா?" என்று கேட்டான்.